வெள்ளியங்கிரிப் பனியில் டார்ச் எடுபடாது

முதல்முறை மலையேறிய பையன்கள் மூடுபனியில் வழி தவறிய செய்தியைப் படித்ததும், கோவைப் பக்கம் ஏழு மலை ஏறிப் போகும் வெள்ளியங்கிரிதான் ஞாபகம் வந்தது. பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கச் சொன்னார்கள். தாத்தாக்களுக்குத்தான் அது என்று சிரித்துவிட்டு ராத்திரியே ஏறினோம். ஏழாவது மலையில் பனி இறங்கியது பாருங்கள், டார்ச் வெளிச்சம் வெள்ளைச் சுவரில் பட்ட மாதிரி முகத்திலேயே திருப்பி அடித்தது. நெற்றியில் கட்டும் விளக்கு இன்னும் மோசம். கழற்றி முழங்கால் உயரத்தில் பிடித்த பிறகுதான் பாறை விளிம்பே தெரிந்தது! அப்புறம் முன்னால் போன ஒரு பெரியவரின் தடிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தோம். அவரே ஓரிடத்தில் நின்று, "விடியட்டும் தம்பி, உட்காருங்க" என்றார். உட்கார்ந்தோம். ஸ்வெட்டர்கூட எடுத்துப் போகவில்லை, பல் தந்தியடித்தது.