எட்டு மணிக்குள் துவைத்து முடி

“படகுலயா குடியிருக்கீங்க? என்ன ஒரு அமைதியான வாழ்க்கை!”

இனிமேல் யாராவது என்னிடம் இப்படிச் சொன்னால், அவர்களைக் கையோடு கூட்டிவந்து எங்கள் வாஷிங் மெஷின் முன்னால் உட்கார வைக்கப்போகிறேன். கண்ணாடிக் கதவு வழியாக நன்றாகவே தெரியும். பாதி டிரம் சோப்புத் தண்ணீர், அதில் என் மனைவியின் மூன்று நர்ஸ் யூனிஃபார்ம் சட்டைகள். கதவு தானாகப் பூட்டிக்கொண்டுவிட்டது. மெஷினில் ஒரு விளக்குகூட எரியவில்லை. மணி ஏழே முக்கால். அவளுக்கு நாளைக் காலையில் டியூட்டி. எட்டு மணிக்கு நான் எஞ்சினை நிறுத்தியாக வேண்டும்.

வீட்டில் புலம்ப எனக்கு வாய் கிடையாது. லண்டன் வாடகை கட்டுப்படியாகவில்லை, நேரோபோட் என்கிற ஒல்லிக் கால்வாய்ப் படகு ஒன்றை வாங்கிக் கால்வாயிலேயே இருந்துவிடலாம் என்று ஆரம்பித்தது நான்தான். அன்றைக்கு அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. “துணி எங்கங்க துவைக்கிறது?” நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “அதெல்லாம் உள்ளேயே மெஷின் இருக்கு” என்றேன். மெஷின் இருந்தது உண்மைதான். அது ஓட என்னென்ன வேண்டும் என்று அவளும் கேட்கவில்லை, எனக்கும் தெரியாது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் படகு 57 அடி நீளம், 6 அடி 10 அங்குல அகலம். அச்சுப் பிழை இல்லை, அகலம் ஏழடி கிடையாது. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் கால்வாய் வெட்டிய ஜேம்ஸ் பிரிண்ட்லி, படகை மேட்டில் ஏற்றி இறக்கும் லாக்குகளுக்கு ஏழடி அகலம் போதும் என்று முடிவு செய்துவிட்டார். செலவு மிச்சம், தண்ணீரும் மிச்சம். நாங்கள் படகைக் கட்டிப்போட்டிருக்கும் கிராண்ட் யூனியன் கால்வாயில் லாக்குகள் பதினாலடி அகலம்தான். ஆனால் பல கால்வாய்களில் அந்த ஏழடிச் சந்து வழியாகத்தான் போக வேண்டும் என்பதால் படகு ஒல்லியாகத்தான் இருந்தாக வேண்டும். சுவர்ப் பலகை, அலமாரி எல்லாம் போக நடக்க மிஞ்சுவது ஒரு ரயில் பெட்டி நடைபாதை. வாஷிங் மெஷின் கதவைத் திறந்தால் அந்த நடைபாதை அடைபட்டுவிடும். துணியை வெளியே எடுக்கும்வரை முன்பக்கம் இருப்பவர் முன்பக்கம், பின்பக்கம் இருப்பவர் பின்பக்கம்.

அந்தக் காலத்தில் நிலக்கரிப் படகு ஓட்டியவர்கள் பத்தடி நீளம்கூட இல்லாத பின்னறையில் பிள்ளைகுட்டிகளோடு குடும்பமே நடத்தினார்கள் என்று எனக்கும் தெரியும். கரையோர மியூசியத்தில் அந்த அறையைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. ஆனால் அவர்கள் வாஷிங் மெஷினை நம்பி யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

சரி, எஞ்சினுக்கு வருகிறேன். எல்லா வினையும் அங்கேதான். நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின், 38 குதிரைசக்தி. கால்வாயில் மணிக்கு நாலு மைலுக்கு மேல் போகக்கூடாது என்பதால் வண்டி இழுக்கிற வேலை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மற்ற வேலைகள்தான் அதன் உயிரை வாங்குகின்றன. கரண்ட் அதிலிருந்துதான். குளிக்க வெந்நீரும் அதிலிருந்துதான், எஞ்சினைக் குளிர்வித்துவிட்டு வருகிற சூட்டுநீர் ஒரு சுருள்குழாய் வழியாக வெந்நீர் டாங்கைச் சுற்றிப் போகும். ஊரில் ஈ.பி. ஆபீஸ், கீசர், வண்டி என்று மூன்று இடத்தில் தனித்தனியாகக் கெட்டுப்போகும் சமாச்சாரத்தை இங்கே ஒரே இடத்தில் கெட்டுப்போகிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். எஞ்சின் இருமினால் வீட்டுக்கே ஜுரம்.

பேட்டரிக் கணக்கைக் கேளுங்கள். வீட்டு உபயோகத்துக்கு 110 ஆம்பியர்-மணி பேட்டரி நாலு. மொத்தம் 440. ஆஹா என்றிருந்தேன். ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும், அதனால் 220-தான் உங்களுடையது என்றார் பக்கத்துப் படகுக்காரர். அதில் ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பதைச் சத்தமில்லாமல் தின்றுவிடும். விளக்கு, தண்ணீர் பம்ப், லேப்டாப், போன் எல்லாம் அப்புறம். இறக்கியதைத் திரும்ப ஏற்றுவதிலும் ஒரு வம்பு. எண்பது சதவீதம் வரை கடகடவென்று ஏறும். மிச்ச இருபது சதவீதத்துக்கு மாமியார் வீட்டுக்கு முதல் தடவை வருகிற மாப்பிள்ளையைக் கெஞ்சுகிற மாதிரி மணிக்கணக்கில் கெஞ்ச வேண்டும். போதும் என்று பாதியில் விட்டால் தகட்டில் சல்ஃபேட் படிந்து, போன வருஷம் வாங்கிய பேட்டரி இந்த வருஷம் பேப்பர்வெயிட்.

கூரையில் சோலார் வைக்கலாமே என்று ஆரம்பிக்காதீர்கள். வைத்திருக்கிறேன். ஜூன் மாதத்தில் ராஜா மாதிரி இருப்பேன். டிசம்பரில் பகல் என்பதே எட்டு மணி நேரம்கூட இல்லை, அதிலும் சூரியன் வேண்டாவெறுப்பாக மரத்துக்குப் பின்னால் தலைகாட்டிவிட்டுப் போய்விடும்.

அதனால் எஞ்சினைத்தான் ஓடவிட வேண்டும். கட்டிப்போட்ட படகில், எங்கும் போகாமல், டீசலை எரித்துக்கொண்டு. அதுவும் இஷ்டத்துக்கு இல்லை. இரவு எட்டு மணியிலிருந்து காலை எட்டு மணி வரை கட்டியிருக்கும் படகில் எஞ்சின் போடக்கூடாது என்பது உரிம நிபந்தனை. ஆள் அரவமே இல்லாத இடமென்றால் பரவாயில்லை. எங்களுக்கு முன்னால் ஒரு படகு, பின்னால் ஒரு படகு. விதியைக் குறை சொல்லமாட்டேன். ராத்திரி பதினோரு மணிக்குத் தலைமாட்டில் எவனாவது டீசல் எஞ்சின் போட்டால் முதலில் கத்துகிறவன் நான்தான். ஆனால் வேலைக்குப் போகிற மனுஷன் எட்டுக்கு முன்னால் கிளம்பி இருட்டிய பிறகு வீடு திரும்பினால், எந்த நேரத்தில்தான் பேட்டரி ஏற்றுவான்?

இதோடு பதினாலு நாள் கணக்கு வேறு. படகை நிரந்தரமாகக் கட்டிப்போட இடம் இல்லாத எங்களைப் போன்றவர்கள் ஓரிடத்தில் பதினாலு நாளுக்கு மேல் தங்கக்கூடாது. 1995-இல் போட்ட சட்டம். இன்றைக்கு எங்களுக்குப் பதினாலாவது நாள். மதியம் மில்டன் கீன்ஸ் பக்கமிருந்து கிளம்பிக் காஸ்குரோவ் கிராமத்தை நோக்கி வந்துகொண்டிருந்தேன். வழியில் ஆறு ஒன்று குறுக்கே ஓடும். அதன்மேல் 1811-இல் வார்ப்பிரும்பில் ஒரு தொட்டி கட்டி அதற்குள் கால்வாயை ஓடவிட்டிருக்கிறார்கள். ஒருபக்கம் கைப்பிடிச் சுவர்கூடக் கிடையாது, கீழே பார்த்தால் வயிறு கலங்கும். அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. அந்த அழகைத் தாண்டிய ஐந்தாவது நிமிஷத்தில் படகு நின்றுவிட்டது. ப்ரொப்பல்லரில் ஏதோ சுற்றிக்கொண்டுவிட்டது.

இதற்கென்றே பின்பக்கத் தரையில் ஒரு மூடி உண்டு. அதைக் கழற்றிக் குப்புறப் படுத்துக்கொண்டு, தோள்வரைக்கும் கையைக் கால்வாய்த் தண்ணீரில் விட்டுத் தடவ வேண்டும். மூடியைத் திரும்பச் சரியாக இறுக்காமல் கிளம்பினால் அந்த வழியாகவே தண்ணீர் ஏறிப் படகு மூழ்கும், அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். இன்றைக்கு வந்தது சைக்கிள் டயர் ஒன்றும் அதைச் சுற்றி நைலான் கயிறும். ஒன்றேகால் மணி நேரம் ரம்பக் கத்தியால் அறுத்தேன். விரல்கள் என்னுடையவைதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. இந்த நேரம் பார்த்துத்தான் நாயோடு வாக்கிங் வந்த பெரியவர் ஒருவர் கரையில் நின்று, அமைதியான வாழ்க்கை என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார்.

(படகை வாங்கி லண்டனைவிட்டு வந்தபோது சவுத்தால் பக்கம் ஒரு தடவை மாட்டியது புடவை. கால்வாயில் நம்மாட்கள் விட்ட தேங்காய் மிதந்ததைப் பார்த்து, ஊர் ஞாபகம் வந்து கன்னத்தில் போட்டுக்கொண்ட அடுத்த நிமிஷம் இது. பட்டு இல்லை, பாலியெஸ்டர். பட்டாக இருந்திருந்தால் சீக்கிரம் அறுந்திருக்கும்.)

மூடியைக் கழற்றும்போதே எஞ்சினைச் சுற்றிக் கறுப்பாக மாவு மாதிரி தூள் படிந்திருந்ததைப் பார்த்தேன். எஞ்சின் சுழற்சியில் கரண்ட் எடுக்கும் ஆல்டர்னேட்டரின் பெல்ட் தளர்ந்து வழுக்கித் தேய்கிறது என்று அர்த்தம். பார்த்தேன், புரிந்துகொண்டேன், நாளைக்கு இறுக்கிக்கொள்ளலாம் என்று மூடினேன். இதை என் மனைவியிடம் யாரும் சொல்லவேண்டாம்.

புது இடத்தில் கட்டி, கை கால் கழுவி, ஆறரைக்கு மறுபடி எஞ்சின் போட்டு, ஏழு மணிக்கு மெஷினில் சட்டைகளைப் போட்டேன். ஆஸ்பத்திரி யூனிஃபார்ம் என்பதால் 60 டிகிரியில் துவைக்க வேண்டும். மெஷினுக்குள் இருக்கும் ஹீட்டர் 2,000 வாட். அதைப் பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டால் வகுத்துப் பாருங்கள், 167 ஆம்பியர். இன்வெர்ட்டர் தன் பங்குக்குக் கமிஷன் அடித்தது போக 180-ஐத் தாண்டும். ஆல்டர்னேட்டர்மேல் 100 என்று எழுதியிருக்கும், சூடேறிவிட்டால் எழுபது வந்தாலே பெரிய விஷயம். அதனால் மெஷினுக்குப் போகும் குழாயிலேயே டாங்கின் வெந்நீரைக் கலந்துவிடுவேன். படகுக்காரர்களின் பழைய வித்தை அது. தண்ணீர் ஏற்கெனவே சூடாக இருந்தால் ஹீட்டர் கொஞ்ச நேரம்தான் எரியும்.

இன்றைக்கு டாங்க் ஆறிப்போயிருந்தது, அரை மணி நேர எஞ்சினில் என்ன சூடு வந்துவிடும்? ஹீட்டர் எரிய ஆரம்பித்தது. பெல்ட் வீல் வீலென்று கத்தியது. பேட்டரி மீட்டரில் வோல்ட் 12.1, 11.6, 11.2 என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கியது. இன்வெர்ட்டர் கீ கீ என்று அழுதது. அப்புறம் நின்றுவிட்டது. ஊரில் கரண்ட் போனால் இன்வெர்ட்டர் காப்பாற்றும். இங்கே இன்வெர்ட்டர் போனால்?

எஞ்சின் மூடியைத் தூக்கினேன். ஒரு போல்ட்டைத் தளர்த்தி, ஆல்டர்னேட்டரைக் கட்டையால் நெம்பி, பெல்ட்டை இறுக்கி, போல்ட்டை முடுக்கினால் முடிந்தது. பத்து நிமிஷ வேலை. எஞ்சினை அணைத்துவிட்டு, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனரை வைத்தேன். எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. முழங்கை பட்டது. கையை உதறினேன். ஸ்பேனர் ‘டிங்’ என்று எங்கோ பட்டு, ‘ப்ளக்’ என்று எஞ்சினுக்குக் கீழே தேங்கியிருக்கும் எண்ணெய்த் தண்ணீரில் விழுந்தது. அந்த ‘ப்ளக்’ சத்தத்தைப் படகில் இருக்கிற எவரிடம் வேண்டுமானாலும் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

கயிற்றில் காந்தத்தைக் கட்டித் தூண்டில் போட்டேன். முதலில் வந்தது போன வருஷம் தொலைத்த பத்தாம் நம்பர். அப்புறம் ஒரு வாஷர். அப்புறம் பழைய சொந்தக்காரர் காலத்து ஸ்க்ரூடிரைவர், துருப்பிடித்து. பதிமூன்று வரவேயில்லை. எட்டு அடித்துவிட்டது.

போன இலையுதிர்காலத்தில் ப்ளிஸ்வொர்த் சுரங்கத்தின் நட்டநடுவில் எஞ்சின் நின்றபோதுகூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வரவில்லை. 1805-இல் திறந்த கால்வாய்ச் சுரங்கம், மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, உள்ளே நடைபாதை கிடையாது. அந்தக் காலத்தில் பலகையில் மல்லாந்து படுத்துச் சுவரைக் காலால் மிதித்தே படகைத் தள்ளிக்கொண்டு போனார்களாம். எங்களுக்கு டீசலில் தண்ணீர் சேர்ந்து, கிருமி வளர்ந்து, ஃபில்டர் முழுக்கக் கறுப்புக் கூழ். மேலேயிருந்து சொட்டுச் சொட்டாகக் கழுத்தில் தண்ணீர் விழ, ஃபில்டரை மாற்றி, காற்றுக்குமிழி நிற்கும்வரை கட்டைவிரலால் பம்ப் அடித்தேன். அவள் டார்ச் பிடித்தாள். திட்டவில்லை. வெளிச்சத்துக்கு வந்ததும், “மாவு புளிச்சிருக்கும், போய் இட்லி ஊத்தலாம்” என்றாள். குளிர்காலத்தில் எங்கள் இட்லி மாவு பொங்குவதும் இதே எஞ்சின் அறைச் சூட்டில்தான், டாங்க்மேல் துண்டு சுற்றி வைத்தால். அதற்காகவே அந்த எஞ்சினை நான் முழுசாகத் திட்ட முடிவதில்லை.

இன்னும் எவ்வளவோ இருக்கிறது. தோசை திரும்புகிற நேரம் பார்த்துத் தீர்ந்துபோகும் 13 கிலோ கேஸ் சிலிண்டர், அதை மழையில் முன்பக்கம் போய் மாற்றும்போது எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் குழப்பும் இடது மரை. கழிப்பறைப் பெட்டியை பற்றி எழுதமாட்டேன், சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் இருப்பீர்கள்.

இப்போது மணி எட்டரை. மெஷினின் அடியில் இருக்கும் சின்ன மூடியைத் திறந்து, தண்ணீரைச் சமையல் தட்டில் பிடித்துப் பிடித்துத் தொட்டியில் ஊற்றுகிறேன். ஒரு தடவைக்கு முக்கால் லிட்டர். பதினேழு தட்டு ஆகிவிட்டது. நடுநடுவே தட்டு நிறைகிற நேரத்தில்தான் இதை டைப் செய்கிறேன், போனில் சார்ஜ் 19 சதவீதம். கதவு திறந்ததும் அடுப்பில் வெந்நீர் வைத்துக் கையால் கசக்கி, கரி அடுப்புக்கு முன்னால் கொடி கட்டிக் காயப்போட வேண்டும்.

படகு லேசாக இடதுபக்கம் சாய்ந்தது. யாரோ ஏறுகிறார்கள்.

“ஏங்க, விளக்கு ஏன் மங்கலா எரியுது?”