சிடி ஸ்கேன் நார்மல்னா நோய் இல்லைனு ஆயிடாது
அண்ணே, "அழும்போது பிள்ளைக்கு கை விழுறது காத்து கருப்புதான், சிடி ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைல, தாயத்து கட்டுங்க"ன்னு மேல போட்டிருக்கீங்க, கோவிச்சுக்காதீங்க, இது தப்பு. மண்டபம் ஊர்ல எங்க அக்கா மகனுக்கும் இதே கதைதான், சூடு கஞ்சிய ஊதி ஊதி குடிக்கும்போது வலது கை அப்படியே தொங்கிடும், பத்து நிமிஷத்துல சரியாயிடும், நாங்களும் வலிப்புனு நெனச்சு ஒரு வருஷம் மாத்திரை குடுத்தோம். கடைசில மதுரைல எம்ஆர்ஐயும் மூளை ஆஞ்சியோவும் (ரத்தக்குழாயப் படம் எடுக்குறது) எடுத்தப்பதான் மோயாமோயாங்கிற நோய்னு தெரிஞ்சுச்சு. மூளைக்குப் போற பெரிய ரத்தக்குழாய் மெல்ல மெல்ல அடைச்சுக்கிட்டே வரும், அதுக்குப் பதிலா நூல் நூலா சின்ன குழாய் முளைக்கும், படத்துல புகை மாதிரி தெரியும், அத வச்சுதான் ஜப்பான் டாக்டருங்க 1969ல இந்தப் பேரு வச்சாங்க. அழுதாலோ ஊதுனாலோ மூச்சு வேகமாகி ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறையும், குழாய் சுருங்கும், அதான் கை விழுது, பேயெல்லாம் இல்ல. சாதா சிடில குழாய் அடைப்பு தெரியாம போயிடும். கீழ ஒருத்தர் ஆஸ்பிரின் போதும்ங்குறார், அது ரத்தம் உறையாம பாத்துக்கும், அடைப்ப நிறுத்தாது, பிள்ளைங்களுக்கு பெரும்பாலும் தலைத்தோல்ல ஓடுற ரத்தக்குழாய மூளைப்பக்கம் திருப்பி விடுற ஆபரேஷன்தான் பண்ணுவாங்க. அதுவரைக்கும் நம்ம ஊரு வெயில்ல தண்ணி குடிக்காம மட்டும் விட்றாதீங்க. தர்காவுக்கோ கோயிலுக்கோ போங்க, வேணாங்கல, ஆனா நியூரோ டாக்டர இந்த வாரமே பாருங்க.