முதற்புத்தகத்துக்கு என்ன அவசரம்?

முகநூலில் போட்ட கவிதைக்கு நாலு பேர் 'அருமை' என்று எழுதிவிட்டால் போதும். தொகுப்பு, அட்டைப்படம், வெள்ளவத்தையில் மண்டபம், முதற்பிரதி வாங்க ஒரு வர்த்தகர் என்று காரியம் ஓடத் தொடங்கிவிடுகிறது. புதிதாக எழுத வருகிறவர்களுக்குக் கொழும்பில் வாய்ப்பே இல்லை என்று பிறகு புலம்புகிறவர்களும் பெரும்பாலும் இவர்கள்தான். வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அதில் நல்ல பங்கு, புத்தகம் அச்சாவதற்கு முன்னரே கேட்டு வாங்க வேண்டியது.

தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையை எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்பு 7, சுதந்திர அவென்யூவில் இருக்கிறது. அங்கே நூல் வெளியீட்டு உதவித் திட்டம் ஒன்று உண்டு. அது கையெழுத்துப் பிரதிக்கானது. அச்சடித்த புத்தகத்தைக் கொண்டுபோய் நீட்டினால் பயனில்லை. ஒவ்வொரு நூலையும் அடையாளம் காட்டும் சர்வதேச இலக்கமான ஐ.எஸ்.பி.என்.னும் அங்கேதான். இலங்கை நூல்களுக்கு 978க்குப் பிறகு 955 அல்லது 624 என்று வரும். இலக்கம் கைக்கு வருமுன் அட்டையை அச்சுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு ஸ்டிக்கர் ஒட்டுகிற கூத்து அடிக்கடி நடக்கிறது. இலக்கம் எடுத்தபின் தலைப்பை மாற்றுகிறவர்களும் உண்டு. அப்போது பட்டியலில் ஒரு பெயர், அட்டையில் இன்னொரு பெயர். நூலகத்தில் தேடுகிறவருக்கு உங்கள் புத்தகம் அகப்படாது.

அரச இலக்கிய விருதுக்கு முந்தைய ஆண்டில் முதற்பதிப்பாக வந்த நூல்களைத்தான் எடுப்பார்கள். டிசம்பரில் அவசரமாக அடித்து, தைப்பொங்கல் கழித்து வெளியிட்டால் என்ன ஆகும்? உள்ளே அச்சான ஆண்டு பழையது. நீங்கள் விழா அழைப்பிதழ் கொடுத்துத் திரியும்போதே விண்ணப்ப முடிவுத் திகதி போய்விடலாம். டிசம்பரில் அச்சிடுகிற எண்ணம் இருந்தால் ஒரு மாதம் பொறுத்து, புதிய ஆண்டைப் போட்டு அச்சிடுங்கள்.

புத்தகத்துக்கு முன்னால் இதழ்கள். 'ஞானம்', 'ஜீவநதி' ஆகிய சஞ்சிகைகளும் வீரகேசரி, தினகரன், தினக்குரல் பத்திரிகைகளின் ஞாயிறு இலக்கியப் பக்கங்களும் புதியவர்களைப் போட்டிருக்கின்றன. எந்த இதழ் எந்த மாதிரிக் கதையை எடுக்கிறது என்பது தெரியாமல் அனுப்புவது வீண்வேலை. 'நூலகம்' (noolaham.org) என்ற இணையத்தளத்தில் பழைய இதழ்கள் இலவசமாகக் கிடக்கின்றன. ஓர் ஆண்டு இதழ்களைப் படித்தாலே பிடிபடும். பத்திரிகைக்கு 1,200 சொல்லுக்கு மேல் போனால் இடம் கிடைப்பது கஷ்டம். ஒரே கதையை மூன்று இடத்துக்கு ஒரே நாளில் அனுப்பாதீர்கள். இரண்டு இடத்தில் வந்துவிட்டால் இரண்டு ஆசிரியர்களும் அதை நினைவில் வைத்திருப்பார்கள். இரண்டு மாதம் பதில் இல்லையென்றால் ஒரு வரி எழுதிக் கேட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு அனுப்பலாம். சன்மானத்தை எதிர்பார்க்காதீர்கள் (இது பற்றிச் சண்டை பிடிக்க வேண்டும்தான், அது வேறு பதிவு).

எப்படி அனுப்புவது என்பதில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். வட்ஸ்அப்பில் கொப்பிப் பக்கத்தைப் படம்பிடித்து அனுப்பினால் அதை யார் இருந்து தட்டச்சு செய்வது? யுனிகோட்டில் அடித்த வேர்ட் கோப்பு, அதே கோப்பின் முதற்பக்கத்தில் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம். அவ்வளவுதான். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிக்கிறவராக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். உங்கள் மெய்யெழுத்துப் புள்ளியெல்லாம் அரைப்புள்ளியாக நிற்கும். யுனிகோட்டுக்கு மாற்றினாலும் இடையில் வந்த ஆங்கிலச் சொற்கள் அர்த்தமில்லாத தமிழாகிவிடும். பழைய பழக்கத்தில் 'ர்' வேண்டிய இடத்தில் அரவுக்குப் புள்ளி வைத்து 'ா்' என்று அடிப்பவர்கள் நிறைய. 'அவா்' என்பதும் 'அவர்' என்பதும் கண்ணுக்கு ஒன்றுதான்; கணினிக்கு வேறு வேறு. தேடினால் கிடைக்காது, திருத்தவும் ஏலாது. அனுப்புமுன் 'ா்' என்று தேடி எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடுங்கள். 'ஔ'வுக்குப் பதில் 'ஒ', 'ள' இரண்டையும் சேர்த்து அடித்திருப்பதையும் பாருங்கள்.

இன்டிசைனில் பக்கம் அமைக்கிறவர் தமிழ் போன்ற எழுத்துகளை ஒழுங்காகக் கோக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தெரிவுசெய்யாவிட்டால் கொம்புகள் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அதனால் அச்சுக்குப் போகும் இறுதிப் பி.டி.எஃப். கோப்பை நீங்களே வரி வரியாக வாசியுங்கள். வேர்டில் சரியாக இருந்தது என்பது சாட்சியாகாது.

அச்சகம் ஒரு தாளுக்கு 16 பக்கம் என்று படிவமாக ஓட்டினால் 128 பக்கம் சரியாக எட்டுப் படிவம். 131 பக்கம் வந்தால் 144க்குக் கடதாசி போகும், 13 பக்கம் வெறுமையாகக் கிடக்கும். மூன்று பக்கத்தைக் குறைக்க முடியாத முன்னுரை எனக்குத் தெரிந்து இல்லை. ஆயிரம் பிரதி அடிக்காதீர்கள், 300 போதும். புத்தகக் கடைகள் விற்றபின் காசு என்ற முறையில்தான் எடுக்கும், அதிலும் பெரிய விலைக்கழிவு போகும். விலை போடும்போதே அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் விற்க விற்க நட்டம். கொடுத்த பிரதிகளுக்குத் திகதியோடு கையொப்பமிட்ட துண்டு ஒன்று வாங்கி வையுங்கள்.

தமிழ் எழுத்தாளர்கள் கண்டுகொள்ளாத இன்னொரு வாசல் மொழிபெயர்ப்பு. மைக்கல் ஒண்டாச்சி 1992இல் தொடங்கிய கிரேஷியன் பரிசு ஆங்கில எழுத்துக்கானது. அச்சில் வராத பிரதியையும் ஏற்றுக்கொள்வார்கள். அந்தப் பரிசை வழங்கும் கிரேஷியன் அறக்கட்டளை, தமிழிலிருந்தோ சிங்களத்திலிருந்தோ ஆங்கிலத்துக்குச் செய்யும் மொழிபெயர்ப்புக்கு எச்.ஏ.ஐ. குணதிலக்க பெயரில் ஒரு பரிசு வைத்திருக்கிறது. இரண்டு மொழியும் கைவந்த இளைஞர்கள் இந்த ஊரில் குறைவில்லை. ஆனால் நண்பரின் கதைதானே என்று வாய்ச்சொல்லை நம்பித் தொடங்காதீர்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை எழுதியவர் இறந்து 70 ஆண்டு வரை நிற்கும். அவர் இல்லையென்றால் வாரிசுகளிடம் கேட்க வேண்டும். எந்தக் கதை, எந்த மொழிக்கு, எத்தனை ஆண்டுக்கு என்று மூன்றும் எழுதிய அரைப்பக்கக் கடிதம் போதும். முதல் வரியை மொழிபெயர்க்குமுன் அதில் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.