ஓப்பன் டோர்னமென்ட் என்று ஃபிளெக்ஸ் அடித்தால் போதுமா?

பொங்கல் வரப்போகிறது. நம் வேலூர் மாவட்டத்தில் காட்பாடி, குடியாத்தம், அணைக்கட்டு, பள்ளிகொண்டா என்று எந்தப் பக்கம் போனாலும் டென்னிஸ் பால் கிரிக்கெட் டோர்னமென்ட் ஃபிளெக்ஸ் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் சுற்றுவட்டார லீக்கும் தொடங்கப்போகிறது. அதற்கு முன்னால் விதிமுறைகளைத் திருத்துவதற்காக எல்லா டீம் கேப்டன்களையும் கூப்பிட்டிருக்கிறோம். அங்கே நான் பேசப்போவதை இப்போதே எழுதிவிடுகிறேன். கூட்டத்தில் ஆளாளுக்குக் குரலை உயர்த்தினால் பாதி விஷயம் அடிபட்டுப் போகும். படித்துவிட்டு வந்தால் நிதானமாகப் பேசலாம்.

பல வருஷம் ஆடியவன், இப்போது அம்பயராக நிற்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். நம் லீக்கில் யார் வேண்டுமானாலும் ஆடலாம் என்பது உண்மைதான். என்ட்ரி பீஸ் கட்டிவிட்டுப் பதினொரு பேர் வந்து நின்றால் எந்த டீமையும் நாம் திருப்பி அனுப்பியதில்லை. ஆனால் அந்தப் பதினொரு பேர் எங்கிருந்து சேர்கிறார்கள்? ஒரே தெருவில் இருந்து. தெரு என்றால் நம் ஊர்களில் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். ஊர் டீம் ஒன்று, காலனி டீம் ஒன்று. ஒரே பஞ்சாயத்து, ஒரே பள்ளிக்கூடம், ஒரே ரேஷன் கடை. ஜெர்சி முதுகில் இருக்கும் ஏழாம் நம்பர்கூட ஒன்றுதான். ஆனால் இரண்டு டீம். ஊர் டீமில் நல்ல வேகப்பந்து வீச்சாளர் இல்லை, காலனியில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றாலும் கூப்பிடுவதில்லை. பக்கத்துத் தாலுக்காவில் இருந்து பெட்ரோல் காசு கொடுத்து கெஸ்ட் பிளேயரை வரவழைப்பார்கள். இதை நான் ஒவ்வொரு சீசனும் பார்க்கிறேன்.

செங்கல் சூளையில் வேலை செய்யும் இருளர் குடும்பத்துப் பையன்கள் பவுண்டரிக்கு வெளியே நின்று பந்து பொறுக்கிப் போடுகிறார்கள். அவர்களை ஒரு டீமும் சேர்த்துக்கொண்டதில்லை. நரிக்குறவர் பிள்ளைகளும் அப்படித்தான். 2023 தொடக்கத்தில் அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்தபோது வாட்ஸ்அப்பில் கைதட்டல் சின்னம் போட்டவர்கள் நம் குரூப்பிலேயே நிறைய பேர். அதே குரூப்பில்தான் டீம் லிஸ்ட்டும் வருகிறது. அந்த லிஸ்ட்டில் அந்தப் பிள்ளைகளில் ஒருவர் பெயரையும் நான் பார்த்ததில்லை.

இது பள்ளிக்கூடத்திலேயே தொடங்கிவிடுகிறது. 2019இல் பள்ளிக்கல்வித் துறை இயக்குநரகத்தில் இருந்து ஒரு சுற்றறிக்கை போனது நினைவிருக்கும். மாணவர்கள் கையில் கட்டும் கலர் கயிறுகள் சாதியைக் காட்டுகின்றன, விளையாட்டு அணிகளுக்கு ஆள் எடுப்பதற்கே அந்தக் கயிறு பயன்படுகிறது என்று அதில் இருந்தது. அரசியல் சத்தம் எழுந்ததும் அது அப்படியே அமுங்கிப்போனது. 2023இல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரைச் சக மாணவர்களே வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழுவும் 2024இல் கொடுத்த அறிக்கையில் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. அதெல்லாம் தெற்கத்திப் பிரச்சினை, நம்ம பக்கம் அப்படி இல்லை என்று இங்கே சொல்வார்கள். நம்ம பக்கம் கயிறு தேவைப்படவில்லை, அவ்வளவுதான். வீடு எந்தத் தெரு என்று கேட்டாலே போதுமே.

அப்புறம் கிரவுண்ட். எந்த இடத்தில் மேட்ச் வைக்கிறோம் என்பதை நாம் சாதாரணமாக நினைக்கிறோம். கோயில் மைதானத்தில் ஃபைனல் வைத்தால் கூட்டம் வரும், நிழல் இருக்கும், மைக் செட்டுக்குக் கரண்ட் கிடைக்கும். எல்லாம் சரி. ஆனால் அந்தக் கோயில் திருவிழாவுக்கே யாரை உள்ளே விடலாம் என்று தகராறு நடந்த ஊரில், காலனிப் பையன் அந்த மைதானத்தில் சிக்ஸர் அடித்துவிட்டு வாய்விட்டுக் கத்துவானா? கத்த மாட்டான். அதே பையன் ஏரி உள்வாயில் ஆடினால் வேறு ஆள் மாதிரி இருப்பான். இந்த வித்தியாசத்தை ஸ்டம்புக்குப் பின்னால் நின்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பாலாற்று மணலில் ஆடி வளர்ந்தவர்கள்தான் நாம் எல்லோரும். தண்ணீர் ஓடாத ஆறு நமக்குக் கிரவுண்டாக இருந்தது. அதே பாலாற்றில், வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில், 2019 ஆகஸ்டில் ஒரு தலித் மனிதரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். சுடுகாட்டுக்குப் போகும் வழியை நிலக்காரர்கள் விடவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்த வழக்கு அது. இறந்தவருக்கே வழி இல்லாத இடத்தில் மட்டையோடு வருகிற பையனுக்கு வழி தானாகத் திறந்துவிடும் என்று என்னால் நம்ப முடியவில்லை. அரசியல் சாசனத்தின் 15ஆம் பிரிவு மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றைச் சொல்லி, பொதுப் பணத்தில் பராமரிக்கும் கிணறு, குளம், சாலை, மக்கள் கூடும் இடம் எதிலும் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. புறம்போக்கு நிலமும் ஏரியும் யாருடைய தாத்தா சொத்தும் இல்லை.

இனி நான் அதிகம் பேச விரும்பும் விஷயம், மைக்.

நம் டோர்னமென்ட்டில் மைக் பிடிக்கிற தம்பிகள் இல்லாவிட்டால் பாதி சுவாரஸ்யம் போய்விடும். நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மைக்கில் என்ன வருகிறது? வேலூரில் படிக்க வந்த மணிப்பூர், மிசோரம், நாகாலாந்து மாணவர்கள் ஒரு டீம் போட்டு வந்தால், முதல் ஓவரில் இருந்து ‘சைனா பார்ட்டி’, ‘நூடுல்ஸ்’. ஆப்பிரிக்காவில் இருந்து வந்த மாணவர் பந்து போட்டால் அவர் நிறத்தையும் முடியையும் வைத்து ஏதேதோ. தோட்டப்பாளையம் பக்கம் ஹோட்டலில் வேலை செய்யும் ஒடியா, பீகார் பையன்கள் வந்தால் ‘வடக்கன்’. அவர்களுக்குத் தமிழ் தெரியாது, அதனால் புண்படாது என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். கூட்டம் எதற்காகச் சிரிக்கிறது என்பது புரிய மொழி தேவையில்லை. கடந்த சீசனில் அப்படி ஒரு டீம் பாதி ஆட்டத்தில் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. எதிரணிக்கு வாக் ஓவர் கொடுத்து அடுத்த மேட்ச்சைத் தொடங்கிவிட்டோம். ஏன் போனீர்கள் என்று கேட்க கமிட்டியில் இருந்து யாரும் அவர்கள் ஹாஸ்டலுக்குப் போகவில்லை.

2014இல் டெல்லியில் நிடோ தானியம் என்ற அருணாச்சலப் பிரதேச மாணவர் அடிபட்டு இறந்தார். அவருடைய முடியைக் கேலி செய்ததில்தான் அந்தச் சண்டை ஆரம்பித்தது. அதற்குப் பிறகு வடகிழக்கு மாநிலத்தவர் பிரச்சினையை ஆராய மத்திய அரசு பெஸ்பரூவா தலைமையில் ஒரு குழுவே போட்டது. கேலிதானே என்று விட்டால் எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

நம் ஆட்களையே எடுத்துக்கொள்வோம். லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணன் இந்தியாவுக்கு ஆடியவர், நம் மாநிலத்துக்காரர். நிறத்துக்காகத் தன் வாழ்நாள் முழுக்க, சொந்த நாட்டிலேயே, பாகுபாட்டைச் சந்தித்ததாக 2021இல் வெளிப்படையாக எழுதினார். இந்தியாவுக்கு ஆடிய இன்னொரு தமிழ்நாட்டு வீரர் அபினவ் முகுந்த் 2017இல் அதையே சொன்னார். சின்ன வயசில் இருந்து வெயிலில் ஆடியவர்களுக்கு நிறத்தை வைத்துப் பேச்சு. ‘கருவாயா, பந்து தெரியுதா’ என்று நம் மைக்கில் சொல்லும்போது சிரிக்கிற கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் அதே நிறம்.

விளையாட்டில் அரசியல் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி அரையிறுதியில் தோற்றதும், ஹரித்வார் பக்கம் அந்த அணியின் தலித் வீராங்கனை வந்தனா கட்டாரியாவின் வீட்டு முன்னால் வெடி வெடித்துச் சாதியைச் சொல்லித் திட்டினார்கள். 2023இல் குஜராத்தின் காகோஷி கிராமத்தில் கிரிக்கெட் மேட்ச் நடந்த இடத்தில் ஒரு தலித் சிறுவன் பந்தை எடுத்துவிட்டான் என்று தகராறு தொடங்கி, அவனுடைய உறவினரின் கட்டை விரலை வெட்டினார்கள். அரசியலை மைதானத்துக்குள் கொண்டுவந்தவர்கள் யார்? பந்தை எடுத்த சிறுவனா?

பல்வாங்கர் பாலு என்ற பெயரை நம் பையன்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தியாவின் மிகச் சிறந்த இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர். தோல் தொழில் செய்யும் தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்தவர். பூனாவில் மைதான வேலைக்குச் சேர்ந்து, ஆங்கிலேயர்களுக்கு வலையில் பந்து போட்டே தேறியவர். அப்போது மதவாரியாக அணி பிரித்து ஆடினார்கள், அதில் இந்து அணிக்கு அவர் வேண்டியிருந்தது. விக்கெட் வேண்டும், ஆனால் டீ இடைவேளையில் மற்றவர்களுக்கு உள்ளே பீங்கான் கோப்பை, அவருக்கு வெளியே மண் குவளை. 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணிக்காக நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். இந்து அணியின் கேப்டன் பதவி மட்டும் கடைசிவரை தரவில்லை. அவருடைய தம்பி விட்டல் 1923இல்தான் அந்த அணிக்குக் கேப்டனாக முடிந்தது. இளம் அம்பேத்கருக்கு பாலு ஒரு நாயகன். அந்த அம்பேத்கரின் பெயரை 1989இல் மாவட்டத்துக்கே வைத்து வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று சொன்ன மண் இது.

பாலுவின் மண் குவளை இப்போது நம் லீக்கில் இல்லை. இருபது லிட்டர் கேனும் பேப்பர் கப்பும் வந்து தண்ணீர்ப் பிரச்சினையைப் பெருமளவு தீர்த்துவிட்டன. அதை மாற்றம் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஃபைனல் முடிந்ததும் பிரியாணி சாப்பாடு எங்கே நடக்கிறது? யாராவது ஒருவர் வீட்டு மாடியில். காலனி டீமுக்குப் பார்சல் கொடுத்து அனுப்புவது வழக்கமாகிவிட்டது. கேட்டால் ‘அவங்களே வேணாம்னுட்டாங்கண்ணே’ என்கிறார்கள். மாடிக்கு வாங்க என்று யாராவது கூப்பிட்டார்களா?

இதையெல்லாம் மாற்ற ஒதுக்கீடு மாதிரி ஏதாவது சொன்னால் உடனே வருகிற பதில், திறமை போய்விடும். தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். கருப்பின மக்களைத் தேசிய அணிக்கே எடுக்காத நாடு அது. அதற்காக 1970 முதல் 1991 வரை சர்வதேச கிரிக்கெட்டில் இருந்து ஒதுக்கி வைக்கப்பட்டது. 2016இல் அவர்களுடைய வாரியம் ஒரு இலக்கு வைத்தது. சீசன் சராசரியில் அணியில் 6 பேர் வெள்ளையர் அல்லாதவர்கள், அவர்களில் குறைந்தது 2 பேர் கருப்பின ஆப்பிரிக்கர்கள். அந்த அணியின் கருப்பினக் கேப்டன் டெம்பா பவுமாவை ‘கோட்டா கேப்டன்’ என்று இணையத்தில் எவ்வளவு கேவலமாகப் பேசினார்கள்! நம் ஊர்ப் பையன்களும் மீம் போட்டார்கள். 2025 ஜூனில் லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவை வென்று உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப்பைத் தூக்கியவர் அந்த பவுமாதான். தொடைத் தசை பிடித்துக்கொண்ட காலோடு 66 ரன் எடுத்தார். அதே மேட்ச்சில் கருப்பின வேகப்பந்து வீச்சாளர் ரபாடாவுக்கு ஒன்பது விக்கெட். 1998க்குப் பிறகு அந்த நாடு வென்ற முதல் ஐசிசி கோப்பை அது.

நான் கேட்பது அவ்வளவு பெரிய திட்டம்கூட இல்லை. முதலாவதாக, தெரு டீம்களை அப்படியே பதிவு செய்வதை இந்தச் சீசனில் இருந்தே நிறுத்துவோம். ஆட வருகிறவர்கள் தனித்தனியாகப் பெயர் கொடுக்கட்டும். கேப்டன்கள் உட்கார்ந்து ஒருவர் மாற்றி ஒருவர் ஆள் எடுக்கட்டும், ஐபிஎல் ஏலத்தை நாம் பார்க்காததா? ஒரு டீமில் ஒரே தெருவில் இருந்து நாலு பேருக்கு மேல் கூடாது. முதல் சில வாரம் டீமுக்குள் பேச்சே இருக்காது, பாஸ் கூடப் போட மாட்டார்கள், தெரியும். இரண்டு கேட்ச் பிடித்துவிட்டால் பேச ஆரம்பித்துவிடுவார்கள். டீமுக்குத் தலைவர் பெயரோ சாதியைக் காட்டும் பெயரோ வேண்டாம். என்ட்ரி பீஸ் கட்ட முடியாதவர்களுக்கு ஸ்பான்சர் பணத்தில் இருந்து எடுப்போம். பரிசுக் கோப்பை ஆறடிக்குப் பதில் மூணடி இருந்தால் யாரும் அழப்போவதில்லை. கமிட்டியில் காலனிக்கும் வெளியூர் மாணவர்களுக்கும் இடம் வேண்டும், அதுவும் கணக்கு வழக்கு பார்க்கும் இடம். நாற்காலி எடுத்துப் போட ஏற்கெனவே அவர்களைத்தான் கூப்பிடுகிறோம்.

மைக்குக்கும் விதி வேண்டும். நடத்தை சரியில்லை என்றால் எதிரணிக்கு ஐந்து ரன் கொடுக்கவும், எல்லை மீறினால் ஆளை வெளியே அனுப்பவும் 2017இல் இருந்தே கிரிக்கெட் விதிகளில் அம்பயருக்கு அதிகாரம் இருக்கிறது. நாம்தான் பயன்படுத்துவதில்லை. கால்பந்தில் ஃபிஃபா மூன்று படி வைத்திருக்கிறது. இனவெறிக் கூச்சல் எழுந்தால் முதலில் ஆட்டத்தை நிறுத்தி அறிவிப்பு, அடுத்து சிறிது நேரம் ஆட்டக்காரர்களை வெளியே அழைத்தல், மூன்றாவது முறை ஆட்டமே ரத்து. நமக்கும் அதுவே போதும். சாதி, நிறம், முகம் பற்றி மைக்கில் ஒரு வார்த்தை வந்தால் மைக் ஆஃப். ஆட்டக்காரர் சொன்னால் ஐந்து ரன். இந்த முறை நான் கொடுக்கத்தான் போகிறேன், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

மலைப் பிள்ளைகள் விஷயம் தனி. ஜவ்வாது மலையில் பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு பக்கத்துப் பையன்களின் ஓட்டத்தை ஒரு தடவை பார்த்தால் யாரும் விட மாட்டீர்கள். ஆனால் காலை எட்டு மணிக்கு மேட்ச் என்றால் அவர்கள் எப்படி இறங்கி வருவார்கள்? நம் சாத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 என இரண்டு காமன்வெல்த்தில் பளுதூக்கித் தங்கம் வாங்கினார் என்றால், அப்பாவும் பளுதூக்கியவர், வழிகாட்ட வீட்டிலேயே ஆள் இருந்தார். மலையில் இருக்கிறவனுக்கு நாமாகப் போய்த்தான் வழி காட்ட வேண்டும். அவர்களுக்கான மேட்ச்சை மதியத்துக்கு மேல் வைக்கலாம். ஒரு வேன் ஏற்பாடு செய்யலாம். இரண்டு மேட்ச்சையாவது மலையடிவாரத்தில் ஒடுகத்தூரில் வைக்கலாம்.

கூட்டம் வருகிற ஞாயிறு மாலை, ஏரிக்கரை அரசமரத்தடியில். வேன் வைத்திருப்பவர்கள், மலைப் பக்கம் பள்ளிகளில் வேலை பார்க்கிற பி.டி. சார்கள், ஹாஸ்டல்களில் இருக்கும் வெளிமாநிலத் தம்பிகளைத் தெரிந்தவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். போன சீசனில் பாதியில் கிளம்பிப்போன அந்த டீமின் கேப்டன் நம்பர் யாரிடமாவது இருந்தால் உடனே அனுப்புங்கள். கூட்டத்துக்கு முன்னால் அவரை நேரில் பார்த்துப் பேசி, கூடவே அழைத்து வர வேண்டும்.