போஸ்டை விடுங்கள், ஓடரைப் பாருங்கள்

வன்னியில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் செய்கிறோம் என்று சொல்கிற கொம்பனிகளின் விலைப்பட்டியலை எடுத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே அச்சு. லோகோ ஒன்று, மாதம் இத்தனை போஸ்ட், பூஸ்ட் பண்ண (காசு கட்டி அதைக் கூடப் பேருக்குக் காட்ட) இவ்வளவு, கேட்டால் ஒரு வெப்சைட். நானும் கிளிநொச்சியில் இருந்து இதே தொழிலைத்தான் செய்கிறேன், ஆகவே யாரையும் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள எதற்கும் இனி நெடுநாளைக்கு யாரும் காசு தரப்போவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

புதுக்குடியிருப்பில் புடவைக்கடை வைத்திருக்கிற அக்காவின் மகளே இப்போது போனில் கான்வா என்ற வடிவமைப்புச் செயலியைத் திறந்து போஸ்ட் செய்துவிடுகிறாள். வாசகத்தைச் சாட்ஜிபிடி எழுதிக் கொடுக்கிறது, தமிழ் கொஞ்சம் விறைப்பாக இருந்தாலும். ஷொப்பிஃபையிலோ வூகொமர்ஸிலோ ஓர் ஒன்லைன் கடையைத் திறந்து வைக்க ஒரு வார இறுதி போதும். நாங்கள் விற்றுக்கொண்டிருந்தது செய்து கொடுக்கிற வேலை. அது மலிந்துவிட்டது.

சரி, புதிதாக ஒரு டூலைப் படித்து அதை விற்கலாமே என்று சிலர் சொல்கிறார்கள். இந்தத் துறையில் டூலை நம்பினவர்களின் கதை தெரிந்ததுதான். ஒன்லைன் கடை நடத்துகிற மென்பொருளான மெஜென்டோவின் முதல் பதிப்புக்கு 2020 ஜூனில் ஆதரவு நின்றது, அதில் இருந்த கடைகள் பல செலவழித்து வேறு பதிப்புக்கோ வேறு மென்பொருளுக்கோ மாறவேண்டி வந்தது. 2021 ஏப்ரலில் ஐஓஎஸ் 14.5 வந்ததோடு, ஐபோன்காரர் மற்றச் செயலிகளிலும் வெப்சைட்டுகளிலும் செய்வதைப் பின்தொடர விரும்புகிற ஒவ்வொரு செயலியும் முதலில் அவரிடம் அனுமதி கேட்டாகவேண்டும் என்றானது. பலர் வேண்டாம் என்றார்கள், எந்த விளம்பரத்தைப் பார்த்து யார் வாங்கினார் என்ற பேஸ்புக்கின் கணக்கு குழம்பியது. வெளிநாட்டில் இருந்து ஊருக்குக் கேக் அனுப்புகிற எங்கள் சனத்தில் பலரின் கையில் இருப்பதும் ஐபோன்தான். 2023 ஜூலையில் கூகுள், வெப்சைட்டுக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கிற தன் பழைய அனலிட்டிக்ஸை நிறுத்தியது. அடுத்தது எது என்று தேடிக்கொண்டு இருப்பதை விட, டூல் மாறினாலும் மாறாத வேலை எது என்று பார்ப்பது புத்தி.

என்னைக் கேட்டால் அந்த வேலை, போஸ்டைப் பார்த்தவர் கேள்வி கேட்ட நிமிடத்தில் இருந்து சாமான் வீட்டுக்குப் போய்ச் சேரும் வரைக்கும் உள்ளது. அங்கேதான் எங்கள் கடைகள் ஆட்களை இழக்கின்றன.

ஒரு சாதாரண ஓடரை எடுங்கள். ரொறன்ரோவில் இருக்கிற மகன் வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு, பரந்தனில் இருக்கிற அம்மாவின் பிறந்தநாளுக்குக் கேக்கும் பூச்செண்டும் கேட்கிறார். இங்கே அப்போது விடிகிற நேரம். போஸ்டில் 'விலை இன்பொக்ஸில்' என்று இருக்கிறது. கடைக்காரர் பத்து மணிக்குக் கடை திறந்து பதில் போடும்போது ரொறன்ரோவில் நள்ளிரவு ஆகிவிட்டது. அடுத்த பதில் அடுத்த நாள். அதற்குள் அவர் யாழ்ப்பாணத்தில் வேறொரு பேஜில் கொடுத்துவிடுகிறார். இதற்கு இன்னொரு போஸ்ட் மருந்தா? விடியற்காலையில் போனைப் பார்க்க ஓர் ஆள்தான் தேவை. ஒரு கடைக்கு அது கட்டாது. பத்துக் கடைக்கு ஓர் ஏஜென்சி அந்த ஆளை வைத்தால் கட்டும், வீட்டில் இருந்தே செய்யக்கூடிய வேலையும்கூட.

அப்புறம் காசு. ஒன்லைனில் கார்டு மூலம் காசு வாங்கித் தருகிற ஸ்ட்ரைப் இலங்கைக் கடைகளுக்குக் கிடைப்பதில்லை. பேபாலில் இங்கிருந்து காசு கட்டலாம், வாங்க முடியாது. கனடாவில் இருந்து பார்த்துப் பழகினவர்கள் 'ஒரு பட்டன் போட்டால் போதுமே' என்பார்கள், போட முடியாது. ஆகவே எல்லாரும் வங்கிக்குப் போட்டுவிட்டு வட்ஸ்அப்பில் ஸ்லிப் அனுப்புகிற முறைதான். திருத்திய ஸ்லிப்பை நம்பிச் சாமானை ஏற்றிவிட்டவர்கள் இந்த ஊரில் உண்டு. கார்டில் காசு வாங்க பேஹியர் போன்ற உள்ளூர் வழிகள் இருக்கின்றன. ஆனால் கடையின் பெயரில் அதைத் திறக்கப் போனால் வியாபாரப் பதிவு, வங்கிக் கணக்கு என்று கேட்பார்கள். வீட்டில் இருந்து ஒடியல் மாவும் பனங்கட்டியும் விற்கிற பெண்கள் பலரிடம் அந்தப் பதிவே இல்லை. அப்படியானவருக்கு ஏஜென்சி செய்யவேண்டிய முதல் வேலை, லோகோவைத் தள்ளிவைத்துவிட்டு அவரோடு பிரதேச செயலகத்துக்குப் போவது. இதை டிஜிட்டல் வேலை இல்லை என்று முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சுளிக்கட்டும்.

சாமான் வந்த பிறகு வீட்டில் காசு கொடுத்து வாங்குகிற முறையில் இன்னொரு தலையிடி. ஆள் கதவைத் திறக்காவிட்டால் சாமான் திரும்பி வரும், கூரியர் செலவு கடைக்காரரின் தலையில். அனுப்ப முன்னம் ஒரு தடவை போன் எடுத்துக் கேட்டாலே இதில் பாதித் தொல்லை குறையும். ஆனால் எந்தப் பட்டியலில் அந்தப் போன்கோல் இருக்கிறது?

இனி வருவதைப் பற்றியும் சொல்லவேண்டும். 2025 செப்டம்பரில் சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ, அமெரிக்காவில் எட்சி என்ற ஒன்லைன் சந்தையில் உள்ள கடைகளின் சாமான்களைச் சாட்ஜிபிடிக்குள்ளேயே வாங்குகிற வசதியை அறிவித்தது. அது அப்படியே நிலைக்குமோ, உருமாறுமோ, இங்கே எப்போது வருமோ, அது வேறு கதை. போகிற திசை விளங்குகிறது: ஆளுக்குப் பதிலாக இயந்திரம் கடை கடையாகப் பார்க்கப்போகிறது. விலையை ஒளித்து வைத்திருக்கிற கடையை அது கடந்து போய்விடும். முல்லைத்தீவுக் கருவாடு என்றால் என்ன மீன், எத்தனை கிராம், எப்போது காயவைத்தது, எந்த நாட்டுக்கு அனுப்பலாம். மொட்டைக்கறுப்பன் அரிசி என்றால் எந்தப் போகம், தீட்டினதா தீட்டாததா. இதையெல்லாம் எழுத்தில், ஒழுங்காக, கையிருப்போடு சேர்த்து வைத்திருக்கிற கடைக்கு நாளைக்கு எந்தத் தொழில்நுட்பம் வந்தாலும் பயமில்லை. அதை எழுதி எடுக்க ஆள் களஞ்சியத்துக்குள் போகவேண்டும், தராசைப் பார்க்கவேண்டும். கொழும்பில் இருக்கிற பெரிய ஏஜென்சி மாங்குளத்துக்கு அதற்காக வராது. எங்களுக்கு இருக்கிற ஒரே அனுகூலம் அதுதான்.

ஒரு விசயத்தில் மட்டும் எனக்குக் கோபம் உண்டு. வாடிக்கையாளரின் பேஜைத் தன் கணக்கில் திறந்து, கடைக்காரர் விலகப்போகிறேன் என்றதும் பாஸ்வேர்டைக் கொடுக்காமல் இழுத்தடிக்கிற பழக்கம். வாங்கினவர்களின் பெயர், போன் நம்பர், விலாசம் எல்லாம் ஏஜென்சியின் எக்செல் கோப்பில் கிடக்கும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நாட்டில் இருப்பதாவது இவர்களுக்குத் தெரியுமா? பேஜ், டொமைன் (வெப்சைட்டின் பெயர்), விளம்பரக் கணக்கு எல்லாம் முதல் நாளில் இருந்தே கடைக்காரரின் பெயரில் இருக்கவேண்டும். பூட்டி வைத்துத்தான் வாடிக்கையாளரைப் பிடிக்கவேண்டும் என்றால் வேலை சரியில்லை என்று அர்த்தம்.

கட்டணம் எப்படி வாங்குவது என்று கேட்பீர்கள். சின்ன மாதத் தொகை ஒன்று, அதன்மேல் போய்ச் சேர்ந்த ஓடருக்கு இவ்வளவு. வந்த ஓடருக்கு இல்லை, போய்ச் சேர்ந்த ஓடருக்கு. அப்போதுதான் திரும்பி வருகிற பெட்டி எங்களுக்கும் வலிக்கும்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களிலும் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் படித்து வருகிற பிள்ளைகளுக்குக் கோட் எழுதத் தெரியும், அதில் குறையில்லை. எனக்கு அடுத்து வேண்டியது வேறு ஆள். கூரியர் கந்தோரில் ஒன்றிரண்டு வருடம் வேலை செய்த, வட்ஸ்அப்பில் பொறுமையாகப் பதில் போடக்கூடிய, விடிய எழும்புகிற ஒருவர். கிளிநொச்சிப் பக்கம் யாராவது இருந்தால் கீழே சொல்லுங்கள்.