ஐஎஸ்ஓ 100 பற்றிய ஒரு திருத்தம்

கமராவின் ஐஎஸ்ஓ அமைப்பை எப்போதும் 100இலேயே வைத்தால் படத்தில் இரைச்சல் (மணல் தூவியது போன்ற புள்ளிகள்) வராது என்று தம்பி ஒருவர் எழுதியிருப்பது தவறான வழிகாட்டல். இரைச்சலுக்கு முதன்மைக் காரணம் கமராவுக்குள் ஒளியைப் பதிவுசெய்யும் உணரியில் விழும் ஒளி போதாமையே. ஐஎஸ்ஓ என்பது பதிவான சமிக்ஞையைப் பெருக்கும் அளவு மட்டுமே. திருகோணமலையின் உப்புவெளிக் கடற்கரையில் சூரியன் எழுமுன் கரைவலை இழுப்போரை எஃப் 2.8 என்ற வில்லைத் துவார அளவில், 1/250 வினாடி மட்டும் ஒளி விழவிட்டு எடுப்பதற்கு ஐஎஸ்ஓ 1600 தேவைப்படுகையில், அதே துவாரம், அதே நேரத்துடன் 100இல் எடுத்துப் பின்னர் கணினியில் 16 மடங்கு வெளிச்சமாக்கினாலும் உணரி பெற்ற ஒளி அதேதான். ஜேபெக் (சுருக்கிச் சேமித்த படம்) கோப்பென்றால் ஈரவலையின் நிழற்பகுதி நிறத்திட்டுகளாகச் சிதைந்தே போகும் (நானும் அப்படி ஒரு காலைப்பொழுதை வீணாக்கியிருக்கிறேன்). முக்காலி இருந்து, கோணமலைப் பாறையைப் போல எடுக்கும் பொருளும் அசையாதிருந்தால், 100ஐ வைத்துச் சட்டரை (உணரிக்கு ஒளியை விடும் திரையை) நீண்ட நேரம் திறந்து வைக்கலாம். அப்போது இரைச்சல் குறைவதும் கூடுதலாக விழும் ஒளியினால்தான்.