வாடகைக்கு வீடு கட்டினால் வற் திரும்பக் கிடைக்குமா?

"வாடகைக்கு விடப் புதுவீடு கட்டினால், சீமெந்துக்கும் கம்பிக்கும் கொடுத்த 18% வற் (பெறுமதி சேர் வரி) திரும்பக் கிடைக்கும்" என்று மட்டக்களப்பு வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

இலங்கையில் குடியிருப்பு வீட்டு வாடகைக்கு வற் விலக்கு உண்டு. குடியிருப்பவரிடம் நீங்கள் வற் அறவிடுவதில்லை. கட்டும்போது கொடுத்த வற்றை, அறவிடும் வற்றிலிருந்துதான் கழிக்கலாம்; ஆகவே இங்கே கழிக்கவும் முடியாது. வற்றுக்குப் பதிந்திருந்தாலும் இதே கதைதான். கடை கட்டி வாடகைக்கு விடும் பதிவுபெற்றவருக்குக் கணக்கு வேறு, அவர் வாடகைக்கு வற் அறவிடுவதால் கழிக்கலாம். அவருக்கும் முறையான வரி விலைப்பட்டியல் வேண்டும், ஹார்ட்வெயார் கடையில் கையால் எழுதித் தரும் துண்டு செல்லாது.

கனடாச் சொந்தங்கள் சொன்னது இங்கே உருமாறியிருக்கலாம். அங்கே புதிய வாடகைக் குடியிருப்புக்கு, தகுதியிருந்தால், பெறுமதி 350,000 டொலர் வரை என்றால், கொடுத்த ஜீ.எஸ்.டியில் (வற் போன்ற அங்குள்ள வரி) 36% திரும்பக் கிடைக்கும். சரி, அது கனடாச் சட்டம். கல்லடியில் கட்டும் வீட்டுக்கு வற் திரும்பப் பெறப் படிவம் நிரப்பித் தருவதாக யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.